அறுபட்ட நாற்பத்து மூன்று குறிப்புகள்

3 பிப்ரவரி 2024
எக்செல் இன்றைக்கும் பாதியில் உறைந்துபோய் நின்றது. என் வீட்டுக்காரர் கலைவாணன் இறந்து பதினோரு மாதம். பதினெட்டு வருஷமாக அவர் சேர்த்த ரத்தக் கொடையாளர் பட்டியல் அது. ஒவ்வொரு பெயருக்கும் கடைசிக் கட்டத்தில் அவர் தட்டிய குறிப்பு ஒன்று இருக்கும். ‘நைட் ஷிஃப்ட் ஆள். பத்து மணிக்கு மேல் கூப்பிடு, அதுக்கு முன்னாடி சிடுசிடுப்பார்.’ படித்தால் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரியே இருக்கும்.

அவருடைய சிநேகிதர் அன்வருதீன், தட்டாஞ்சாவடியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் வைத்திருப்பவர், “ஆக்சஸ் டேட்டாபேஸுக்கு மாத்திடுங்க அண்ணி” என்றார்.

4 பிப்ரவரி
மாற்றியாச்சு. 2,114 பேர். நானே, தனியாக. ரெண்டு இருந்தால் குழப்பம் என்று பழைய ஃபைலை அழித்துவிட்டேன்.

9 பிப்ரவரி
ஒரு பிரசவத்துக்கு ஓ நெகட்டிவ் கேட்டு போன். தேங்காய்த்திட்டு மீனவர் இளஞ்செழியன் பெயரைத் திறந்தேன். அவர் கரையில்தான் இருந்தார், போய்க் கொடுத்துவிட்டார். ஆனால் குறிப்பு நாலு வரி ஓடி, ‘ஊசி குத்தும்போது இவரிடம்’ என்று நின்றுவிட்டது. மீதி எங்கே? ஒவ்வொன்றாகத் திறந்தேன். நாற்பத்து மூன்று பேருக்கு இப்படி.

10 பிப்ரவரி
அன்வருதீன் வந்து பார்த்தார். கட்டத்துக்கு 255 எழுத்துதான் அளவாம். கால், கொம்பு, புள்ளி எல்லாம் தனித்தனியாக எண்ணுமாம்.

“முதல் கொஞ்ச வரியப் பாத்துட்டு அதுவே அளவ முடிவு பண்ணிடுது அண்ணி. ஆரம்பத்துல அண்ணன் சுருக்கமாத்தான் எழுதியிருக்காரு.”

ஆமாம். கல்யாணமான புதுசிலும் அப்படித்தான், கேட்டதற்கு மட்டும் பதில். போகப்போகத்தான் வாய் நீண்டது. அந்த வளவளப்புக்கு எத்தனை நாள் சலித்துக்கொண்டிருக்கிறேன்.

அழித்த ஃபைலை மீட்க மூணு மணி நேரம் பார்த்தார். கிடைக்கலை. யாரு என்னை அழிக்கச் சொன்னா? அவர் பேச்சு கொஞ்சம் மிச்சமிருந்துச்சு — அதையும் நானே வெட்டிட்டேன்.

11 பிப்ரவரி
சமைக்கவில்லை.

17 பிப்ரவரி
கட்டத்தை நீளமாக எழுதுகிற மாதிரி மாற்றிக் கொடுத்தார் அன்வருதீன். இளஞ்செழியனுக்கு போன் போட்டேன். ஊசி குத்தும்போது எங்க வீட்டுக்காரர் உங்ககிட்ட என்னதான் பண்ணுவார்?

சிரித்தார். “எந்த மீன் எந்த மாசம் ருசின்னு கேப்பாருக்கா. நான் சொல்லி முடிக்கறதுக்குள்ள ரத்தப் பை ரொம்பிடும்.”

அப்படியே தட்டினேன். இன்னும் நாற்பத்து இரண்டு பேர்.

2 மார்ச்
நாற்பது பேரிடம் பேசிவிட்டேன். மூன்று பேரின் நம்பர் மாறிவிட்டது, அந்தக் குறிப்புகள் போனது போனதுதான்.

இன்று ஏ நெகட்டிவ் தேடினபோது பட்டியலில் ஒரு சுமலதா. பார்த்தால் நான்தான். ஊரையெல்லாம் கூப்பிட்டவர் என்னை ஒரு நாளும் கேட்டதில்லை. நம்மைக் கணக்கிலேயே சேர்க்கலை என்று இத்தனை வருஷமும் மனத்தாங்கல். குறிப்பு ஒரே வரி, அறுபடவில்லை:

‘உடம்பில் ரத்தம் கம்மி. கேட்டால் மறுக்க மாட்டாள், அதனால் கேட்கக் கூடாது.’

நன்றாக அழுதேன். ஒரு தடவை இதை என்கிட்ட சொல்லியிருக்கலாம்ங்க.