கீழ்வீட்டுக்காரர் கேட்ட மணல்

மார்ச் 2

அன்புள்ள அண்ணிக்கு,

அண்ணனும் நானும் நலம். நீங்கள் வேலைக்குப் போயிருக்கிற சுரங்க மலையில் செல்போன் டவர் கிடையாதாம், தபால் லாரியும் வாரம் ஒரு தடவைதானாம். அதனால் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் எழுதிவிடுகிறேன்.

இடுப்பு வலி எப்படி இருக்கிறது? அளவெடுக்கிற கருவியை நீங்களே தூக்காதீர்கள்.

உங்கள் மீன்களைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்கிறேன். தினமும் தொட்டியைத் துடைக்கிறேன். பழைய விளக்கு மங்கலாக இருந்ததால் பளிச்சென்று புதிது மாட்டினேன். ஆனால் அந்த ஆறு அயிரைகளில் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை, அண்ணி. சாயங்காலம் ஆனால் மீசையை ஆட்டிக்கொண்டு மணலைத் துழாவுமே, எங்கே போயின? ஊருக்கெல்லாம் மூக்குக் கண்ணாடிக்கு லென்ஸ் தேய்த்துக் கொடுக்கிறவள், எனக்கே கண் தெரியவில்லை என்று அண்ணன் கேலி செய்கிறார்.

புருஷன் வீட்டை விட்டு வந்து நின்றவளிடம் ஏன் வந்தாய் என்று ஒரு வார்த்தை கேட்காதவர் நீங்கள். அதற்குக் கைம்மாறாக இந்த மீன்களையாவது ஒழுங்காகப் பார்த்துத் தருகிறேன்.

என்றும் நன்றியுடன்,
உங்கள் நாத்தனார்


மார்ச் 14

அன்புள்ள அண்ணிக்கு,

பதில் வரவில்லை. கோபமா, லாரி வரவில்லையா, தெரியவில்லை.

எப்படி எழுதுவேன்? மீன்கள் போய்விட்டன. போட்ட தீனி அப்படியே கிடந்து அழுகித் தண்ணீர் நாறியது. அண்ணன் வந்து பார்த்து, "எல்லாம் செத்து மக்கிப் போச்சு போல, விடும்மா" என்றார். முந்தாநாள் அழுதுகொண்டே தொட்டியை அப்படியே வாளியில் கவிழ்த்தேன். சேறும் மணலுமாக வாளி பால்கனியில் இருக்கிறது. பூந்தொட்டிக்கு ஆகும், ஞாயிற்றுக்கிழமை எடுத்துக்கொள்கிறேன் என்று கீழ்வீட்டுக்காரர் சொல்லியிருக்கிறார்.

உங்கள் முகத்தில் எப்படி விழிப்பேன்? பெண்கள் விடுதியில் ஏப்ரல் முதல் தேதியிலிருந்து இடம் தருகிறார்கள். நீங்கள் திரும்புவதற்குள் போய்விடுகிறேன். இரண்டு வருஷம் சோறு போட்டீர்கள். அதற்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் போதாது.

உங்கள் நாத்தனார்


மார்ச் 19

அன்புள்ள அசடே,

மண் சரிந்து லாரி இரண்டு வாரம் வரவில்லை. உன் இரண்டு கடிதமும் இன்றுதான் சேர்ந்து வந்தன. டிரைவர் டீ குடித்து முடிப்பதற்குள் இதை எழுதுகிறேன்.

முதலில் அந்த வாளி. மணலை யாருக்கும் கொடுக்காதே! கொடுத்திருந்தால் ஓடிப்போய்ப் பிடுங்கிக்கொண்டு வா. வெளிச்சம் என்றால் அவற்றுக்கு ஆகாது. நீ மாட்டிய விளக்குக்குப் பயந்து மணலுக்குள் புதைந்திருக்கும். கையை விட்டு மெதுவாகத் துழாவு.

இரண்டாவது, அது என் மீன் இல்லை. நீ வந்த புதிதில் அறையை விட்டு வெளியே வரவே இல்லை. வா வா என்று கூப்பிட எனக்குக் கூச்சம். பார்க்கவாவது வருவாயே என்றுதான் உனக்காக அந்தத் தொட்டியை வாங்கி உன் அறை வாசலில் வைத்தேன். வந்தாய். அதைச் சொல்லாமல் விட்டது என் தப்பு.

மூன்றாவது, நீ இருக்கிற தைரியத்தில்தான் இந்த வேலைக்கே ஒத்துக்கொண்டேன். உன் அண்ணனை நம்பி வீட்டை விட்டு வர எனக்கென்ன பைத்தியமா? நன்றி சொல்ல வேண்டியவள் நான். நீ சொல்லிச் சொல்லி என் காது புளித்துவிட்டது. விருந்தாளிதான் இப்படி நன்றி சொல்வாள். விடுதிக்குப் போக ஆசை இருந்தால் போ. பயந்துகொண்டு போகாதே.

"அக்கா, நான் கெளம்பட்டுமா?" என்கிறார் டிரைவர்.

அண்ணி


மார்ச் 23

அண்ணிக்கு,

நேற்று சாயங்காலம் கடிதம் வந்தது. படித்த கையோடு செருப்புக்கூடப் போடாமல் கீழே ஓடினேன். வாளியைப் போன ஞாயிறே கொண்டுபோய்விட்டார். "ஒரு தொட்டிக்குத்தாம்மா போட்டேன், மிச்சம் அப்படியே கெடக்கு. முதுகு பிடிச்சுக்கிச்சு" என்றார். அவர் முதுகுவலிக்குக் கோடி கும்பிடு!

நாலு விரல் தண்ணீருக்கடியில் மணல். கையை விட்டேன். ஏதோ நெளிந்தது. "ஐயோ!" என்று கத்திவிட்டேன். அவர் பாம்பென்று பயந்து ஸ்டூல் மேல் ஏறிவிட்டார். ஐந்து இருந்தன, அண்ணி. பத்து நாளாக அந்தச் சேற்றுக்குள் உயிரோடு. ஆறாவது இல்லை. அவருடைய பூந்தொட்டியைக் கொட்டித் தேடினோம். காய்ந்து கிடந்தது. அதற்காக இன்னும் அழுகிறேன்.

இப்போது உங்களுடன் சண்டை. எனக்கு வாங்கியதை எனக்கே சொல்லாமல், இரண்டு வருஷம் அடுத்தவர் மீன் என்று ஒதுங்கி நின்றே பார்க்க விட்டீர்களே, இது நியாயமா? தெரிந்திருந்தால் ஒவ்வொன்றுக்கும் பேர் வைத்திருப்பேன். பேர்கூட இல்லாமல் அந்த ஒன்று போயிருக்காது. மனசு ஆறவில்லை. ஆனால் 'உனக்காக அந்தத் தொட்டியை வாங்கி' என்ற வரியை மட்டும் எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது.

விடுதிக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டேன்.

நீங்கள் வந்ததும் எனக்கு ஓர் அலமாரி வாங்கித் தர வேண்டும். பெரியதாக, இரண்டு கதவு வைத்தது. வந்த நாளிலிருந்து என் துணியெல்லாம் பெட்டிக்குள்ளேயேதான் இருக்கிறது.

நாத்தனார்