மோடம் பேசிவிட்டது என்று சொன்னேன்

மார்ச் 3, செவ்வாய்

மோடம் பேசிவிட்டது. பெட்டிக்குள் போகும் சர்க்யூட் போர்டில் மாட்டி ‘ஏ-டி’ என்று தட்டினேன். நீ இருக்கிறாயா என்று மோடத்தைக் கேட்கும் இரண்டே எழுத்து. அதை அப்படியே திருப்பிச் சொன்னது. அடுத்து ‘ஓகே’ என்றும் சொல்ல வேண்டும், அது மட்டும் வரவில்லை. நாளை வந்துவிடும். மத்தியானமே அக்காவுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டேன்.

அவள் வேலை செய்யும் ரத்த வங்கியில் குளிர்பெட்டி சூடேறினால் கூப்பிட்டுச் சொல்லும் பழைய போன் லைனை முதல் தேதியோடு எடுத்துவிட்டார்கள். மோடம் வழியாகக் கூப்பிடும் எங்கள் கம்பெனியின் புதுப் பெட்டி போய்ச் சேரும்வரை அரைமணிக்கொரு முறை ஆள் பார்த்து வெப்பத்தை எழுத வேண்டும். இரவுக்கு வேறொருவர், பகலுக்கு அக்கா ஒருத்திதான். லீவு கிடையாது. அத்தானோ ஏழு மாதம் கழித்துக் கப்பலிலிருந்து வந்திருக்கிறார். பன்னிரண்டே நாள். பதினான்காம் தேதி காலை கிளம்பிவிடுவார்.

“அப்போ மலையில ரூம் போட்டுடலாமாடி?” என்றாள். போடு என்றேன்.

மார்ச் 4, புதன்

ஓகே வரவில்லை.

மார்ச் 6, வெள்ளி

மோடத்தோடு பேசும் வேகத்தை மாற்றியாயிற்று. கேபிளை மாற்றியாயிற்று. மின்சாரம் போதவில்லையோ என்று தனி அடாப்டரும் கொடுத்தாயிற்று. சொன்னதையே சொல்கிறது, கிளிப்பிள்ளை.

அலுவலகத்தில் நான், முதலாளி, மல்டிமீட்டர், மூன்றே பேர். மல்டிமீட்டர் என்பது நாங்கள் வைத்த பெயர்; டீ ஆறிவிட்டதா என்றுகூட அளந்து பார்த்துத்தான் சொல்வார். “எழுத்து திரும்பி வருதுல்ல? அப்போ ஒயரிங் சரி. மோடம்தான் கோளாறு” என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது. வேறு மோடம் திங்கட்கிழமை வருமாம்.

மார்ச் 8, ஞாயிறு

அக்கா வீட்டுக்குப் போனேன். அவள் வேலையில். அத்தான் பொழுது போகாமல் மிக்ஸியைக் கழற்றிப் போட்டுக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தார். என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

“கப்பல்ல இருந்தாலும் அவகிட்ட போன்லதான் பேசுவேன். ஊர்ல இருந்தாலும் போன்லதான். பழக்கம்தானேம்மா” என்று சிரித்தார்.

மார்ச் 9, திங்கள்

புது மோடம். ஏ-டி. ஏ-டி. அவ்வளவுதான்.

மார்ச் 11, புதன்

மூன்றாவது மோடம். அதே கதை. மூன்றும் ஒரே மாதிரியா கெட்டுப்போகும்? — கேள்வி சரியாகத்தான் இருக்கிறது, அதற்கு மேல் மூளை ஓடவில்லை.

அக்கா ரூமை ரத்து செய்துவிட்டாள். “விடுடி, மலை எங்க ஓடிப்போகுது” என்றாள். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே கெட்டது என் வாயால் அவள். அன்னிக்கே ஏன் சொல்லித் தொலைச்சேன்? ஓகே வந்தப்புறம் சொன்னா ஆகாதா?

மார்ச் 13, வெள்ளி

ஒன்றும் நடக்கவில்லை. கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மார்ச் 14, சனி

அக்கா கெஞ்சி அனுமதி வாங்கிக்கொண்டு பஸ் நிலையத்துக்கு ஓடினாளாம். அவரை ஏற்றிவிட்டு, அடுத்த வெப்பத்தை எழுதத் திரும்பி ஓடினாளாம். பஸ் நகர்வதைக்கூடப் பார்க்கவில்லை.

மார்ச் 16, திங்கள்

மோடத்தைத் திருப்பி அனுப்பிவிடலாம் என்று போர்டிலிருந்து பிடுங்கினேன். கை பழக்கத்தில் ஏ-டி என்று தட்டியது. மோடம் என் இடது கையில் இருந்தது. திரையில் ஏ-டி வந்தது.

போர்டின் ஓரத்தில் ஜம்பர் ஒன்று உண்டு, இடம் மாற்றிச் செருகும் நகத்தளவு துண்டு. இடப்பக்கம் செருகினால் நாம் தட்டுவது மோடத்துக்குப் போகும். வலப்பக்கம் செருகினால் போர்டு தன்னையே சோதித்துக்கொள்ளும், தான் அனுப்பியதைத் தானே வாங்கிக்கொள்ளும். இரண்டாம் தேதி போர்டு வந்து இறங்கியதும் சோதிப்பதற்காக வலப்பக்கம் செருகியவள் நான்தான். திருப்பி மாற்றவில்லை. இரண்டு வாரமாக எந்த மோடத்திடமும் நாங்கள் எதையும் கேட்கவே இல்லை.

ஜம்பரை மாற்றி, கையிலிருந்த மோடத்தைத் திரும்ப மாட்டினேன். ஓகே. முதல் மோடத்தை எடுத்து மாட்டினேன். அதுவும் ஓகே.

“அளந்திருக்கணும்” என்றார் மல்டிமீட்டர். அவருடைய டீ அப்படியே இருந்தது.

அய்யோ, அக்காகிட்ட எப்படிச் சொல்வேன்?

மார்ச் 19, வியாழன்

ரத்த வங்கியில் பெட்டியை மாட்டினேன். சோதனைக்காக வெப்பம் பார்க்கும் முனையை அக்கா உள்ளங்கையில் பொத்திக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் அவள் போன் அடித்தது. அங்கேயே ஜம்பர் கதையைச் சொல்லிவிட்டேன், ஒன்றும் மறைக்கவில்லை. கையை விரிக்காமலே கேட்டாள். திட்டவில்லை.

ரத்த வங்கி டாக்டர் அவளுக்கு நாளையிலிருந்து நான்கு நாள் லீவு கொடுத்துவிட்டார். என்ன செய்யப்போகிறாய் என்றேன்.

“மிக்ஸியை ரிப்பேருக்குக் கொடுக்கணும். உன் அத்தான் கழட்டிப் போட்டுட்டு அப்படியே போயிட்டார்.”

நான் மாட்டித் தருகிறேன் என்று வாயெடுத்தேன். சொல்லவில்லை.