ஈஸ்டருக்குள் புகை தெளிய வேண்டும்

மார்ச் 4, 2013, திங்கள்

இன்றும் வண்டி கிளம்பவில்லை. குளிர் நாளில் என் பழைய மாரிஸ் மைனர் காரைக் கிளப்ப, பெட்ரோலைக் கூட்டித் தரும் சோக் குமிழை இழுத்துப் பிடித்திருக்க வேண்டும். என் கட்டைவிரல் வாதத்தில் மடங்க மறுக்கிறது. காலைப் பூசை போயிற்று.

மகள் பெர்னடெட் பிரெஸ்டனிலிருந்து பேசினாள். “வித்துடும்மா. ஆள் தயாரா இருக்கு. கோயிலுக்கு நான் வந்து கூட்டிட்டுப் போறேன்.”

என்னைக் கூட்டிப் போக வேண்டுமாம்! ஈஸ்டர் பூசைக்கு நானே ஓட்டிப் போகிறேன், முடியாவிட்டால் அன்றே விற்கிறேன் என்று சொல்லிவிட்டேன். தொலைபேசியை வைத்த பிறகுதான் யோசித்தேன். எங்கள் கிளிதரோ ஊரில் மேடு இல்லாத தெரு எது? நடந்து போகவா?

மார்ச் 6

பக்கத்து வீட்டு ஹார்க்ரீவ்ஸ் வந்து பானெட்டைத் திறந்து பார்த்தார். பஞ்சாலையில் பாய்லர் பார்த்து ஓய்வு பெற்றவர். மெதடிஸ்ட் சபைக்காரர். தன் கைவேலையைப் பற்றித் தானே பேசிக்கொள்வதில் சலிக்காதவர்.

“கார்புரேட்டரத் தூக்கிக் கடாசிட்டு இன்ஜெக்‌ஷன் போட்டுரலாம் அம்மணி. பழைய வண்டி உடைக்கிற யார்டுல எல்லாம் சல்லிசா கெடைக்கும். சோக்கே வேணாம். கம்ப்யூட்டரே பெட்ரோல அளந்து ஊத்தும்.”

“எவ்வளவு ஊத்தணும்னு அதுக்கு எப்படித் தெரியும்?”

“மோந்து பாத்துத்தான். மேனிஃபோல்டுல ஒரு சென்சார் வைக்கணும். புகைய மோந்தே எல்லாத்தையும் தீர்மானிக்கும். உங்க கத்தோலிக்கக் கோயில் மாதிரி.”

சாம்பிராணியைச் சொல்கிறார். அவர் தேநீரில் சர்க்கரையைக் குறைத்தேன்.

மார்ச் 9, சனி

மேனிஃபோல்டு என்பது எஞ்சினின் புகையைத் திரட்டிப் பின்குழாய்க்கு அனுப்பும் வார்ப்பிரும்புக் குழாய். அதில் துளை போட்டு, சென்சார் திருகி உட்கார ஒரு வளையத்தைப் பித்தளைக் கம்பியை உருக்கி ஒட்ட வேண்டும். வார்ப்பிரும்பு முரட்டுப் பிள்ளை. சட்டென்று சூடானாலும் விரிசல் விடும், சட்டென்று குளிர்ந்தாலும் விரிசல் விடும். ஆகவே மெல்லச் சூடாக்கி மெல்ல ஆறவைக்க என் சமையலறை ஓவன்! சலவைச் சோடா போட்டு நானே அந்த இரும்பைத் தேய்த்துக் கழுவினேன். ஓவனில் காய்ச்சி, அவர் கொட்டகையில் ஒட்டி, சாயங்காலம் சூடு ஆறுமுன் திரும்ப உள்ளே வைத்தோம்.

“நாளைக்குக் காலைல வரைக்கும் கதவத் தொறக்கக் கூடாது. போப்பே வந்து கேட்டாலும்.”

“பழைய போப் விலகினதுலேருந்து அந்த நாற்காலி காலியாத்தான் இருக்கு, மிஸ்டர் ஹார்க்ரீவ்ஸ்.”

பிறகு கோயிலுக்குப் பூ அலங்கரிக்கப் போனேன். திரும்பியபோது பெர்னடெட் தன் சாவியால் திறந்து வந்திருந்தாள். நாளை அன்னையர் ஞாயிறு.

மார்ச் 10

அன்னையர் ஞாயிறுக்கென்றே சுடுகிற சிம்னல் பழக்கேக்கை பெர்னடெட் செய்திருந்தாள். அடியில் கொஞ்சம் கருகல். நான் ஒன்றும் சொல்லவில்லை. ஒரே ஒரு முறைதான் சொன்னேன்.

மார்ச் 16

எல்லாம் வண்டியில் பொருத்தியாயிற்று. சாவியை ஒரு திருகு, கிளம்பிவிட்டது! சோக் இல்லை, இழுவை இல்லை. கைதட்டக்கூடத் தோன்றியது. அதற்குள் பின்னாலிருந்து கரிய புகை. எதிர்வீட்டுக் கொடியில் காய்ந்த படுக்கை விரிப்பெல்லாம் போச்சு. பெட்ரோல் நாற்றம் வேறு. என்னத்துக்கு இந்த வேலை எனக்கு?

மார்ச் 19

ஹார்க்ரீவ்ஸ் இன்று கோளாறைக் கண்டுபிடித்தார். வளையத்துக்குச் சற்று முன்னால் மயிரிழை விரிசல். அதன் வழியே வெளிக்காற்று உள்ளே போகிறது. சென்சார் அதை மோந்துவிட்டு, பெட்ரோல் போதவில்லை என்று நினைக்கிறது. கம்ப்யூட்டர் அதை நம்பி இன்னும் இன்னும் ஊற்றுகிறது.

“என் ஒட்டுதான் சரியில்ல. கை போயிடுச்சு, மிஸஸ் என்ட்விசில். வேற யாரையாச்சும் பாருங்க.”

அம்மணி என்று கூப்பிடவில்லை. கிண்டல் இல்லை. தேநீரும் குடிக்காமல் போய்விட்டார். வீடு என்னவோ போல் இருக்கிறது.

மார்ச் 21

பெர்னடெட் பேசினாள். வாங்குகிற ஆள் வண்டியைப் பார்க்க வருகிறானாம். விரிசல் கதையைச் சொன்னேன். ராத்திரி முழுக்க ஓவனை மூடி வைத்தும் இப்படி ஆயிற்றே என்றேன்.

“மூடியா? எந்த ராத்திரி? அந்த இரும்பு இருந்த ராத்திரியா? நான்தான் கேக் வைக்கணுமேன்னு வெளிய எடுத்தேன்.”

“வெளியன்னா எங்க?”

“பின்வாசப் படில. ஆலங்கட்டி பெஞ்சிட்டிருந்துது. ஆனா கேக் வெந்ததும் இருந்த எடத்துலயே வெச்சுட்டேம்மா, ஒழுங்கா!”

தவக்காலம் என்பதையும் மறந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தேன். வீட்டுச் செருப்போடு போய் ஹார்க்ரீவ்ஸ் வீட்டுக் கதவைத் தட்டினேன்.

“உங்க கைக்கு ஒண்ணுமில்ல. எல்லாம் என் மக சுட்ட கேக்.”

முழுவதையும் கேட்டார். முகம் மெல்ல மலர்ந்தது. “கேக்காவது நல்லா இருந்துதா?”

“இல்ல.”

“அப்ப ரெண்டுமே போச்சா, அம்மணி!”

மார்ச் 23

பனி கொட்டுகிறது. விரிசலைச் சுரண்டி மறுபடி ஒட்டினார். ஓவனுக்குக் காவல் பெர்னடெட். பனியிலும் வண்டி ஓட்டி வரச் செய்தேன். ஓவன் இல்லாததால் எல்லோருக்கும் ஆறிய ஹாம் இறைச்சிதான்.

“பசிக்குதும்மா. ஒரு டோஸ்டாவது...”

“கதவத் தொட்ட, தெரியும்.”

மார்ச் 28

புகைக்கு நிறமே இல்லை. இரண்டு முறை குனிந்து பார்த்தேன். அக்கம்பக்கத்தில் யாராவது பார்த்திருக்கலாம்.

மார்ச் 31, ஈஸ்டர்

தெருவெல்லாம் உறைபனி. ஒரு திருகில் கிளம்பியது. நான் ஓட்ட, பக்கத்தில் ஹார்க்ரீவ்ஸ் மடியில் கம்ப்யூட்டரோடு எண்களை வாசித்துக்கொண்டு வந்தார். பின்னால் பெர்னடெட். பாதி மேட்டில், “இல்லீங்க, அம்மா விக்கறதா இல்ல,” என்று கைப்பேசியில் அந்த ஆளிடம் சொன்னாள். நான் கியர் மாற்றுவதில் கவனமாக இருந்ததாகக் காட்டிக்கொண்டேன்.

காரிலேயே இருப்பதாகச் சொன்ன மெதடிஸ்டைக் குளிர் உள்ளே விரட்டிவிட்டது. கடைசி வரிசையில் உட்கார்ந்து எங்கள் எல்லோரையும்விட உரக்கப் பாடினார். பாதிரியாரே திரும்பிப் பார்த்தார்.

அடுத்த ஞாயிறு அவரை அவருடைய மெதடிஸ்ட் கோயிலான சேப்பலில் இறக்கிவிடுவதாகச் சொல்லியிருக்கிறேன். வெளியே குளிராக இருந்தால் நானும் உள்ளே போய் உட்காரலாம். ஏப்ரலில் இங்கே குளிராகத்தான் இருக்கும்.