குழலுக்குள் இருந்த பஞ்சு

நேற்றுக் காலை ஸ்ரீவில்லிபுத்தூர் சாலையில் ஒரு பேட்டரிக் கடையைத் தாண்டும்போது ஈயம் உருகும் வாடை வந்தது. ஸ்கூட்டரை ஓரம் கட்டிவிட்டுச் சும்மா நின்றேன். கடைக்காரர், "என்ன சார், பேட்டரி பாக்கணுமா?" என்றார். ஒன்றுமில்லை என்று கிளம்பிவிட்டேன். நீ போய் மூன்று மாதம் ஆகிறது. ஆனால் உன் வீட்டுக் கொல்லையில் அந்த வாடை நின்று நான்கு வருடம் ஆகிறது. அது நின்றதற்குக் காரணம் நான்.

இராஜபாளையத்தில் ஒரே நூல் மில்லில் நீ ஃபிட்டர், நான் தரப் பரிசோதனை. ஞாயிற்றுக்கிழமையானால் இருவரும் துப்பாக்கி சுடும் கிளப்பில் இருப்போம். கடைத் தோட்டா நினைத்தபோது கிடைக்காது என்று, நாமே தோட்டா கட்டிக்கொள்ள கிளப் முறையாக அனுமதி வாங்கியிருந்தது. அதற்குக் குண்டு வார்ப்பது உன் வேலை. ஈயத்தை உருக்கி அச்சில் ஊற்றி, ஆறியதும் ஒவ்வொன்றையும் வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்ப்பாய். மெல்லிய சுருக்கம் தெரிந்தாலும் அது திரும்பச் சட்டிக்குள் போய்விடும்.

"பொண்ணு பாக்கப் போனவன்கூட இம்புட்டு நேரம் பாக்க மாட்டாம்லே" என்பேன்.

"கல்யாணத்துல ஒண்ணுன்னா பேசித் தீத்துக்கலாம். குண்டுகிட்ட என்னத்தப் பேச?" என்பாய்.

நான்கு வருடத்துக்கு முன், முதல் தேர்வுப் போட்டியில் என் பிஸ்டல் மூன்று முறை நின்றது. சுட்டதும் அடுத்த தோட்டா பாதி நுழைந்து சிக்கிக்கொள்ளும், பிஸ்டலின் மேலே முன்னும் பின்னும் நகரும் ஸ்லைடு முழுதாக மூடாது. மூன்றாவது முறை எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. எல்லோரும் பார்க்க உன் பக்கம் திரும்பி, "என்ன எழவுக் குண்டுலே வாத்திருக்க?" என்று கத்தினேன். நீ மீதித் தோட்டாக்களைப் பொறுக்கி டப்பாவில் போட்டுக்கொண்டாய்.

மறு ஞாயிறு அந்த டப்பாவோடு என் வீட்டுக்கு வந்தாய். அளவுகோலை வைத்து ஒவ்வொரு தோட்டாவையும் அளந்தாய். எல்லாம் சரியாக இருந்தன. பிறகு பிஸ்டலைப் பிரித்து, குழலை மட்டும் தனியே எடுத்து, ஒரு தோட்டாவை உள்ளே போட்டாய். டொக்கென்று விழ வேண்டியது பாதியில் நின்றது. குழலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, ஒரு மூங்கில் குச்சியால் உள்ளே சுரண்டினாய். குண்டு வழுக்கிப் போகப் பூசிய மெழுகோடு சேர்ந்து இறுகிப்போன பஞ்சு, சாம்பல் நிறத்தில் வளையமாக வந்தது. அதன் பிறகு போட்ட தோட்டா சத்தத்தோடு விழுந்தது, கவிழ்த்ததும் தானாக வெளியே வந்தது.

போட்டிக்கு முந்தின நாள் மில் வேஸ்ட் பஞ்சை வைத்துத்தான் குழலைத் துடைத்திருந்தேன். கையில் எண்ணெய் பட்டாலும் பஞ்சு, மெஷினில் தூசி பட்டாலும் பஞ்சு என்று இருபது வருடம் பழகிய கை. துணியால் துடை, பஞ்சு இழை விடும் என்று நீ எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாய்.

"ஊரே பேண்டேஜ் துணி நெய்யுது. ஒரு துண்டு எடுத்துத் தொடைக்க ஒனக்குக் கிடைக்கல. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்று சிரித்தாய். கிளம்பும்போது வாசலில் நின்று, "விடு. செலக்‌ஷன் முடியட்டும். பொறவு நீயே கிளப்புல சொல்லிரு" என்றாய்.

செலக்‌ஷன் முடிந்தது. இரண்டாவது போட்டியில் நான் தேர்வானேன். அப்போது போய் என் அசட்டுத்தனத்தைச் சொல்ல வெட்கமாக இருந்தது. அடுத்த வாரம் சொல்லலாம் என்று தள்ளினேன், பிறகு அதுவே பழகிவிட்டது. கிளப்பில் யாரும் உன்னிடம் குண்டு கேட்கவில்லை. நீ ஏன் வார்ப்பதில்லை என்று நான் ஒருமுறை கேட்டபோது, கண் மங்கிவிட்டது என்றாய். எனக்கு வசதியாக இருந்ததால் நம்பினேன்.

உன் பதினாறாம் நாள் முடிந்து கிளம்பும்போது உன் மனைவியிடம் உன் கண் மங்கியதைப் பற்றிச் சொன்னேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

"கண்ணா? எனக்கு ஊசில நூல் கோத்துக் குடுத்ததே அவியதாண்ணே. அந்த மேட்ச்சுக்குப் பொறவு சட்டிய எடுத்து மேல வச்சிட்டாவ. ஏன்னு கேட்டா, ஆரும் கேக்கலைன்னாவ."

அன்றிலிருந்து எனக்குச் சரியான தூக்கம் இல்லை. போன ஞாயிறு கிளப்பில் பயிற்சி முடிந்து எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது சொல்லிவிட்டேன். பஞ்சு, மெழுகு, நான் கத்தியது, நீ காத்திருந்தது எல்லாவற்றையும் சொன்னேன். செயலாளர் தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"மறுவீட்டுக்குப் போன மாப்பிள்ள மாதிரி அவரு குண்டு உள்ள போகாம வாசல்லயே நிக்கும்னு நாங்கள்லாம் கேலி பேசுனோம். நீங்களும் கூட இருந்து சிரிச்சீகளே சார்" என்றார்.

ஆமாம், சிரித்தேன். நீயும் அன்று பக்கத்து நாற்காலியில்தான் டீ குடித்துக்கொண்டிருந்தாய். நான் வாயைத் திறப்பேன் என்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். அந்தப் பார்வை இன்னும் என்னை விட்டு நகரவில்லை.