கலப்பரிசிக் கஜானா

ஓய் பொக்கிஷதாரரே,

மூவார் ஆற்றின் மேல் ஆணையாகச் சொல்கிறேன்: நான் இப்போது எழுதப்போகும் கதையை ஜொகூர் சீமையில் ஒரு ஜீவன்கூட நம்பப்போவதில்லை. நீர் உயிரோடு இருந்திருந்தால், "ஓய், அளந்துவிடாதீர்" என்று முதல் வரியிலேயே என் பேனாவைப் பிடுங்கியிருப்பீர். இப்போது உம்மால் மறுத்துப் பேச முடியாது. இந்த வாய்ப்பை விடுவதற்கு நான் என்ன மடையனா?

இன்று காலை சங்கத்தின் கதவைத் திறந்தேன். புளித்த மாவின் வாசனை கும்மென்று கிளம்பி வந்து என் நெஞ்சில் கைவைத்துத் தெருவுக்கே தள்ளியது. நேற்று ஒரே புழுக்கம். தோசைமாவுப் பானை பொங்கி, தரையில் வழிந்து, படி இறங்கி, சாக்கடை வழியாக ஆற்றில் கலந்து, மலாக்கா நீரிணையே வெளுத்துப்போய், இரண்டு கப்பல்கள் வழி தெரியாமல் பினாங்குக்குத் திரும்பிவிட்டன. நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தரையைத் துடைக்கக் குனிந்தேன். குனிந்தவனுக்கு உம் நினைவு வந்துவிட்டது. பாதி துடைத்தபடியே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

உம்மை அறியாதவர்களும் இதைப் படிக்கக்கூடும். அவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். நீர் படகுத்துறையில் சீட்டுக் கிழித்தவர். நான் கடைகளுக்கு முன்னால் ஓடும் அஞ்சடி நடையோரத்தில் தையல் மிஷின் மிதித்தவன். நீர் மாதா கோயில், நான் மாரியம்மன் கோயில். நாம் இருவரும் சேர்ந்து, கள்ளுக்கடைக்குப் போகிற தெருவாகப் பார்த்து, அதன் முனையில் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்து, தமிழ்ச் சங்கம் என்று பலகை மாட்டினோம். மாலையில் பிள்ளைகளுக்கு எழுத்தும் பாட்டும். பெரியவர்களுக்குச் செய்தித்தாள் வாசிப்பு, சிலம்பம், மிருதங்கம். காய்ச்சல்காரர்களுக்குக் கொய்னா. கள்ளுக்கடைக்குப் புறப்பட்டவன் மிருதங்கச் சத்தம் கேட்டு நம் வாசலில் நின்றுவிடுவான். இதனால் கள்ளுக்கடைக் குத்தகைக்காரர் மிருதங்கத்துக்கு எதிராகச் சுல்தானிடம் மனுக் கொடுத்ததாகவும் கேள்வி. கேள்விப்பட்டவன் நான்தான், சொன்னவனும் நான்தான்.

அப்புறம் ரப்பர் விலை விழுந்தது. எப்படி விழுந்தது என்கிறீர்? பால் கொடுக்க மரமே வெட்கப்படும் அளவுக்கு. தோட்டங்களில் ஆள் குறைத்தார்கள். குடும்பம் குடும்பமாக ஊருக்குக் கப்பலேற்றினார்கள். மிஞ்சியவர்களிடம் சங்கச் சந்தா கேட்க நமக்கு வாய் வரவில்லை. ஓர் இரவு நம் கஜானாவைத் திருட வந்த கள்ளன், பெட்டியைத் திறந்து பார்த்து மனம் இளகி, தன் மடியிலிருந்த காசை அதில் போட்டுவிட்டுப் போனான். அந்த மாத வரவு அதுதான்.

வீட்டுக்காரத் தவுக்கே, அந்தச் சீன முதலாளி, நல்லவர். ஆனால் அவருடைய மருமகனுக்கு நாற்காலிப் பட்டறை வைக்க இடம் வேண்டியிருந்தது. பிள்ளைகள் பாடம் படித்துக்கொண்டிருக்கும்போதே அந்த மருமகன் அளவு நாடாவோடு வந்து சுவரை அளப்பார். "மாதக் கடைசிக்குள் வாடகை, இல்லாவிட்டால் சாவி" என்று தவுக்கே சொல்லிவிட்டார்.

கூட்டம் போட்டோம். நம் தலைவர், ரப்பர் கம்பெனிக் குமாஸ்தாக்களுக்கெல்லாம் மேலான பெரிய கிராணி, கோட்டுப் பித்தானைத் தடவியபடி சொன்னார்: "இப்போதைக்குப் பூட்டிடலாம். மார்க்கெட்டு நல்லா ஆனதும் திரும்பத் தொறந்துக்கலாம்."

நீர் எழுந்தீர். "பூட்டின கதவத் திரும்பத் தொறக்கிறது எலி மட்டுந்தாங்க."

"அப்போ வாடகைக்கு என்ன வழி?"

"காசு இல்லாத வீட்டுலயும் ஒலை கொதிக்குதுல்ல? ஒலையில போடுறதுக்கு முன்னாடி ஒரு பிடி அரிசி. அவ்வளவுதான் கேக்கப் போறேன்."

பிடியரிசி! எனக்கு ஆவேசம் வந்துவிட்டது. காரியதரிசி அல்லவா? மறுநாள் கோயில் வாசலிலும் மாதா கோயில் வாசலிலும் நான் முழங்கிய முழக்கத்தில் சிங்கப்பூரில் கண்ணாடிகள் உடைந்தன. "சாதி பாராமல், மதம் பாராமல், கூலிவீடு கிராணிவீடு பாராமல், எல்லார் அரிசியும் ஒரே டின்னில்!" பெண்கள் பால் டின்னை அடுப்படியில் தொங்கவிட்டுப் பிடி பிடியாகப் போட்டார்கள். எல்லாவற்றையும் மண்ணெண்ணெய் டின்னில் கொட்டிக் கலந்து சாக்கில் கட்டினோம். நம் கஜானாவில்தான், பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்திலேயே முதன்முதலாக, வண்டு விழுந்தது.

அக்கரையில் ராவுத்தர் கடையில் நல்ல விலை கிடைக்கும் என்று உம் படகிலேயே சாக்கை ஏற்றிப் போனோம். ராவுத்தர் ஒரு கை அள்ளினார். உள்ளங்கையில் பரப்பினார். என்னைப் பார்த்தார்; உம்மைப் பார்த்தார்.

"என்ன தம்பி இது? ரங்கூன் புழுங்கல் கெடக்கு, சயாம் பச்சை கெடக்கு, நொய்யி கெடக்கு. ஒலையில போட்டா பாதி கஞ்சி, பாதி கல்லு. எவன் வாங்குவான்?"

"இது ஒற்றுமையின் சின்னம்," என்றேன் நான்.

"சின்னத்த வேக வச்சுத் திங்க முடியுமா லா? அடுத்த தடவ புழுங்கலுக்குத் தனி டின்னு, பச்சைக்குத் தனி டின்னு வைங்க. நானே வாங்கிக்கிறேன்."

நான் தலையாட்டிவிட்டேன். நியாயமான பேச்சுதானே? நீர் ஆட்டவில்லை. சாக்கைத் திரும்பக் கட்டினீர். படகில் ஏறியதும் உம்மிடம் கேட்டேன்: "டின் ரெண்டா இருந்தா என்ன ஓய் குடி முழுகிடும்?"

"புழுங்கல் திங்கிற வீடு எது, பச்சை திங்கிற வீடு எதுன்னு ஊருக்கே தெரியும். இன்னிக்கு டின்னு ரெண்டானா, நாளைக்குப் பாய் ரெண்டாகும். பிள்ளைங்க ஒரே பாயில ஒக்காரணும்னுதானே தொடங்குனோம்?"

நான் வாயை மூடிக்கொண்டேன். என் வாழ்நாளில் அது இரண்டொரு முறைதான் நடந்திருக்கிறது. என் வாய் மூடிய அதிசயத்தைப் பார்த்துத்தானோ என்னவோ, வானம் திறந்துகொண்டது. நடு ஆற்றில் அப்படி ஒரு மழை! ஆறு எது, மழை எது என்று தெரியாமல் மீன்கள் படகுக்கு மேலே நீந்திப் போயின. கரை சேர்ந்தபோது சாக்கு ஊறிக் கனத்து, நாலு ஆள் தூக்க வேண்டியிருந்தது. வாடகைக்கு இருந்த ஒரே வழி நனைந்து நாறப்போகிறது. நான் துறைப் படியில் உட்கார்ந்து, "முடிஞ்சுது ஓய், சாவியக் குடுத்துடுவோம்" என்றேன்.

நீர் சாக்கில் கைவிட்டு ஓர் அரிசியை எடுத்து நகத்தால் நசுக்கினீர்.

"நல்லா ஊறிடுச்சு. இனி ஆட்ட வேண்டியதுதான்."

"என்னது?"

"தோசைக்குப் பச்சையும் புழுங்கலும் கலந்துதானே ஊறப்போடுவாங்க? மழை நமக்கு வேலைய மிச்சம் பண்ணிடுச்சு. எழுந்திரும்."

அதே ராவுத்தரிடம் அடுத்த படகில் போய்க் கடன் சொல்லி உளுந்து வாங்கிவந்தீர். "அரிசிதான் வேணாம்னீங்க, உளுந்த நாங்க வேணாம்ங்கல" என்றீராம். அவர் சிரித்து, அளவுக்கு மேலே ஒரு கை அள்ளிப் போட்டாராம். மற்ற பெருமையெல்லாம் உமக்கே போகட்டும். ஆட்டிய பெருமை என்னுடையது. ஆட்டுக்கல்லைச் சுற்றிச் சுற்றி என் தோள் இன்றும் தானாகவே வட்டமடிக்கிறது. தைக்கிற சட்டையிலெல்லாம் கழுத்து கூடுதலாக வட்டமாகிறது என்று வாடிக்கைக்காரர்கள் குறைசொல்கிறார்கள்.

மறுநாள் சங்கத்து அஞ்சடியில் தோசைக்கல்லைப் போட்டோம். தலைவர் வந்து பார்த்துவிட்டு வியர்த்தார்.

"சங்கத்துக்குன்னு ஒரு கௌரவம் இருக்கு. யாரு யாரோ வீட்டு அரிசி. இத எப்படிய்யா திங்கிறது?"

"மாவாயிடுச்சுங்க. இனிமே பிரிக்க முடியாது. சட்னி தரட்டுங்களா?" என்றீர் நீர், முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல். அவர் போய்விட்டார். கள்ளுக்கடை வழியில் போன ஒருவன், "என்ன காரியதரிசி, தமிழு வேகலயா, தோசையாவது வேகுதா?" என்று கத்தினான். "வந்து தின்னுட்டுச் சொல்லு, தின்னுட்டு உள்ள போய் ஒக்காந்து செய்தியும் கேளு" என்று நானும் கத்தினேன். வந்தான். தின்றான். உள்ளே போய் உட்கார்ந்தான். அவன்தான் இன்று நமக்கு மிருதங்கம்.

படகிறங்கி வந்தவர்கள், மலாய்க்காரப் பெரியவர்கள், பக்கத்துக் கடைச் சீனர்கள் என்று வரிசை நீண்டது. அடுத்த ஊரான பத்து பாகாட் வரைக்கும் நீண்டது என்று எழுதத்தான் கை துடிக்கிறது. உமக்குப் பயந்து தெருமுனையோடு நிறுத்துகிறேன்.

மாதக் கடைசியில் தவுக்கேயும், நாடாவோடு மருமகனும் வந்தார்கள். நீர் எண்ணெய் வாசம் அடிக்கும் காசுகளைத் துணியில் முடிந்து கொடுத்தீர். முழு வாடகை தேறவில்லை. நான் கல்லுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டேன். நீர் நிமிர்ந்தே நின்றீர். தவுக்கே துணியை முகர்ந்து பார்த்தார். பிறகு கல்லைப் பார்த்தார். ஒரு தோசை தின்றார். விரலை நக்கிவிட்டு, "சாத்து லாகி" என்று இன்னொன்று கேட்டார். அதைத் தின்றபடியே வரிசையை ஒரு முறை, உள்ளே ஒரே பாயில் நெருக்கியடித்துக்கொண்டு பாடிய பிள்ளைகளை ஒரு முறை பார்த்தார். மீதியை அடுத்த வாரம் தரச் சொன்னார். மருமகனைப் பார்த்து, "பாலிக் லா, வீட்டுக்குப் போ" என்றார். மருமகன் நாடாவைச் சுருட்டிக்கொண்டு, போகிற போக்கில் நாலு தோசை கட்டி வாங்கிக்கொண்டு போனார். மறுவாரம் தலைவர் வீட்டு வேலையாள் தூக்குச்சட்டியோடு வந்து, யாருக்கென்று சொல்லாமல் வாங்கிப் போனான். நீரும் யாருக்கென்று கேட்கவில்லை. சட்னி மட்டும் கொஞ்சம் தாராளமாக ஊற்றினீர்.

இப்போது விலையெல்லாம் ஏறிவிட்டது. சந்தாவும் வருகிறது, தோசையும் நடக்கிறது. போன மாதம் புது உறுப்பினர் ஒருவர், பெக்கோக் பக்கத்துத் தோட்டத்திலிருந்து மாற்றலாகி வந்த படித்த பிள்ளை, "புழுங்கலையும் பச்சையையும் தனித்தனியா வாங்கி அளவாக் கலந்தா தோசை இன்னும் மெத்துன்னு வரும் மாமா, டின்ன ரெண்டாக்கிடலாமே" என்றான். சரியான யோசனைதான். தோசை மெத்தென்றுதான் வரும். நான் உம்மைப் போல முகத்தைச் சுருக்காமல் வைத்துக்கொள்ளப் பார்த்தேன். எனக்கு அது வராது. "கொஞ்சம் முரடாவே தின்னு தம்பி" என்றேன். ஒரே டின்தான் இருக்கிறது. நான் இருக்கும்வரை ஒரே டின்தான் இருக்கும்.

பணம் இல்லை என்று யாராவது கைவிரித்தால், உம்முடைய வாக்கு ஒன்று என் வாயில் தானாக வருகிறது: "வாடகை கேட்டு வர்றானேன்னு கவலைப்படாதீர். கேக்குறான்னா கதவு இன்னும் நம்ம கையில இருக்குன்னு அர்த்தம்." உம் பதவி இப்போது என் தலையில். கள்ளனை உருக வைத்த அந்தப் பெட்டி இப்போதும் அரைவயிறுதான். ஆனாலும் யார் தருவார் என்று யோசித்துவிட்டுக் கதவைத் திறக்கிற வழக்கம் எனக்குப் போய்விட்டது. முதலில் திறக்கிறேன். பிறகுதான் யோசிக்கிறேன்.

சரி, ஒப்புக்கொள்கிறேன். நீரிணை வெளுக்கவில்லை. மீன்கள் படகுக்கு மேலே நீந்தவில்லை. அந்தக் கள்ளனை நான்தான் உண்டாக்கினேன். சிங்கப்பூர்க் கண்ணாடிகள் பத்திரமாக இருக்கின்றன. ஆனால் பிள்ளைகள் எதை நம்பாமல் என்னைக் கேலி செய்கிறார்களோ, அந்தச் சின்னப் பகுதி மட்டும் நிஜம்: அன்று தொடங்கி ஒரு மாலைகூட நம் கதவைப் பூட்டவில்லை. காய்ச்சல் உம்மைக் கொண்டுபோன அன்றும்கூட. மாதா கோயில் கல்லறைத் தோட்டத்தில் உம்மை இறக்கிவிட்டுத் திரும்பும்போது தலைவர் என் தோளைத் தொட்டு, "இன்னிக்கு ஒரு நாளு பூட்டலாம்யா, அதுதான் மரியாத" என்றார். காலில் அந்த மண்ணோடேயே போய்க் கதவைத் திறந்து பாயை விரித்தேன். பிள்ளைகள் வந்து உட்கார்ந்தார்கள். கடைசியில், செருப்பைக் கழற்றி வெளியே விட்டுவிட்டு, தலைவரும் வந்து அந்தப் பாயின் ஓரத்தில் உட்கார்ந்தார்.