நில்லென்று யாரும் சொல்லவில்லை

9.8.72, புதன் இரவு

பகலில் வாய் திறக்காதவள் இங்கே வந்து எழுதுகிறேன், மன்னித்துவிடு நோட்டே.

ஐந்தாம் வகுப்புப் புவியியல் பாடத்தில் இன்று நான் வைத்த விளையாட்டில் வள்ளிதான் கம்ப்யூட்டர். மற்ற பிள்ளைகள் செக்காலைத் தெருவுக்கு வழி சொல்ல, சொன்னதை மட்டும் செய்தபடி நடந்தவள் நேரே போய்ச் சுவரில் முட்டினாள்.

"யாரும் நில்லுன்னு சொல்லலையே டீச்சர்!"

வகுப்பே சிரித்தது. தலைமையாசிரியரும் வாசலில் நின்று பார்த்தார். மாலையில் ஆசிரியர்கள் எங்களைக் கூப்பிட்டார்.

"மெட்ராஸ்ல கம்ப்யூட்டர் பயிற்சி. அந்த மெஷினையே காட்டுவாகளாம். ஒருத்தருக்குத்தான் இடம். யாரு போறீக?"

நான் அதைப் பத்திரிகைப் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். தலைகுனிந்தே நின்றேன். கணக்கு வாத்தியார் முந்திக்கொண்டார்.

"டீச்சர் தனியா இந்தா இருக்க ஒக்கூருக்கே போகமாட்டாக. என் பேர எழுதுங்க."

காலைத் தபாலில் பெயர் போய்விடும். அதற்குள் சொல்ல வேண்டும்: ஐயா, என் பேர எழுதுங்க. நான் போறேன்.