அழைப்பு வந்திருக்கிறது

ஜனவரி 11, சனி

மூன்று மணிக்கே சனிக்கிழமை வகுப்புப் பிள்ளைகள் வந்துவிட்டார்கள், முப்பத்தொரு உருப்படி. மடத்துக் கூடத்து ஜன்னல் வெயிலில் தூசி மிதந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றதில் ஜெபத்தைத் தொடங்க மறந்துபோனேன். சுருட்டை இடித்தாள். முடியைப் பார்த்து எல்லோரும் வைத்த பேர் அது. பத்தொன்பது வயது அவளுக்கு; நான்கு வருடமாகச் சின்னப் பிள்ளைகளுக்குப் பாட்டும் ஆட்டமும் சொல்லித்தருவது அவள்தான். அவள் இல்லாவிட்டால் என் சனிக்கிழமை சந்தைக்கடை.

எல்லோரும் போனபின், வேண்டுதல்களை எழுதிப் போடும் மன்றாட்டுப் பெட்டியைத் திறந்தேன். நாய்க்குட்டி வேண்டும், கணக்கு வாத்தியாருக்குக் காய்ச்சல் வர வேண்டும் — வழக்கம்போல். நடுவில் சுருட்டையின் குண்டு எழுத்து: "எனக்கு அழைப்பு வந்திருக்கிறது. துணிந்து போக வரம் வேண்டும்."

அழைப்பு! கன்னியாஸ்திரியாகக் கடவுளின் அழைப்பு! கால் தரையில் நிற்கவில்லை.

ஜனவரி 12, ஞாயிறு

பூசை முடிந்ததும் அவளைப் பிடித்தேன். எழுதியது உண்மையா என்றேன். "ஆமா சிஸ்டர், வீட்ல இன்னும் சொல்லல" என்றாள். கட்டிக்கொண்டேன். வேறொன்றும் கேட்கவில்லை. எங்கள் சபைக்குப் புதிதாக ஒரு பெண் வந்து ஏழு வருடமாகிறது. மடத்துத் தலைவி மதரிடம் உடனே சொல்லிவிட்டேன். ஓட்டை வாய் எனக்கு.

ஜனவரி 15, புதன்

மத்தியானம் முழுக்கக் கனவுதான். வெள்ளை உடுப்பில் சுருட்டை, முக்காட்டுக்குள் அடங்காத முடி, சுற்றிலும் பிள்ளைகள். நான் ஒரு மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன். கிழவியாக. நிம்மதியாக.

ஜனவரி 18, சனி

மதர் கூடத்துக்கு வந்து அவள் நெற்றியில் சிலுவை வரைந்தார். 27ஆம் தேதி, புதிதாகச் சேரும் பெண்கள் தங்கிப் பயிலும் நவகன்னியர் இல்லத்துக்குத் தானே கூட்டிப்போவதாகச் சொன்னார். பிள்ளைகள் கைதட்டினார்கள். சுருட்டை சிரித்தாள். பிறகு, தினமும் பாடுகிற பாட்டில் இரண்டாவது அடியை மறந்தாள்.

ஜனவரி 21, செவ்வாய்

ஏன் மறந்தாள்?

ஜனவரி 23, வியாழன்

கேட்டேவிட்டேன். பெஞ்சுகளை அடுக்கிக்கொண்டே சொன்னாள்: "27ஆம் தேதிதான் அங்கயும் சேரணும்."

எங்கே? கப்பல் பட்டறையில். வெல்டிங் பயிற்சி. அழைப்புக் கடிதம் பையிலேயே இருந்தது, மடித்து மடித்து மடிப்பெல்லாம் கிழிந்து.

அட மக்கே! மடத்துக்குள் அழைப்பு என்றால் ஒன்றே ஒன்றுதான். வெளியே ஆயிரம் அழைப்பு இருக்கும் என்று ஏன் எனக்குத் தோன்றவில்லை?

முதலிலேயே சொல்வதற்கென்ன என்று கோபமாகத்தான் கேட்டேன்.

"நீங்க அவ்வளவு சந்தோஷப்பட்டீங்க சிஸ்டர். இல்லைன்னு சொல்ல வாய் வரல. மடத்துக்கே போயிட்டா என்னன்னு தோணிச்சு. கடவுளுக்குத்தானே."

முப்பத்து நான்கு வருடத்துக்கு முன் மடத்தில் சேர்ந்தபோது நானும் இதையேதான் சொல்லிக்கொண்டேன். அப்பா அவ்வளவு சந்தோஷப்பட்டார். உனக்கு இஷ்டமா என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

"கடவுளுக்குக் கப்பலும் வேணும்டி. போ" என்றேன். அழுதது நான்தான்.

ஜனவரி 24, வெள்ளி

மதரிடம் சொன்னேன். "அந்தப் பொண்ணைக் கேட்டுட்டு என்கிட்ட வந்திருக்கலாம்" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

ஜனவரி 27, திங்கள்

காலைப் பேருந்தில் போய்விட்டாள். எனக்குச் சோறு இறங்கவில்லை.

பிப்ரவரி 1, சனி

பாட்டும் ஆட்டமும் நான்தான். சுருதி எங்கேயோ, நான் எங்கேயோ. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். முட்டி வலிக்கிறது.

பிப்ரவரி 2, ஞாயிறு

துறவற வார்த்தைப்பாட்டைக் கோவிலில் நின்று புதுப்பிக்கும் நாள். வருடாவருடம் மற்ற சிஸ்டர்களோடு சத்தத்தோடு சத்தமாகச் சொல்லிவிடுவேன். இன்று வாய் திறக்கவில்லை. எல்லோரும் சொல்லி முடித்து உட்கார்ந்துவிட்டார்கள், நான் நின்றுகொண்டிருக்கிறேன். மதர் திரும்பிப் பார்த்தார். ஃபாதர் புத்தகத்தை மூடாமல் காத்திருந்தார்.

உனக்கு இஷ்டமா? நானே என்னைக் கேட்டேன். அவசரப்படுத்தவில்லை.

பிறகு தனியாகச் சொன்னேன், முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும். என் குரல் இப்படி இருக்கும் என்று எனக்கே தெரியாது.